ஊட்டி மலர் கண்காட்சி: கிளம்பும் முன்பே செய்துவிடும் தவறுகள்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளியில் படித்தோம். சமவெளியில் அது கத்திரி வெயில்தான். அந்தப் பெயருக்குப் பொருத்தமான மே மாதத்தைப் பார்க்க மலையேற வேண்டும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர் கண்காட்சி நடப்பதும் அப்போதுதான்.

நாங்கள் முதல்முறை போனது கண்காட்சி முடியும் ஞாயிற்றுக்கிழமை. பாதி நாள் வண்டியிலேயே போய்விட்டது. உள்ளே போனால், பூவால் செய்த உருவங்களின் ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. தப்பு பூக்கள் மீது இல்லை, நாங்கள் நாள் பார்த்த லட்சணம் அப்படி.

அங்கே இருப்பது இரண்டு வகைப் பூ. பெரிய உருவங்களில் செருகியிருக்கும் கார்னேஷனும் ரோஜாவும் பறித்த பூக்கள். வாடியதை மாற்றுவார்கள்தான், ஆனாலும் முதல் சில நாட்களின் பளபளப்பு கடைசியில் இருக்காது. நடுவில் மழை அடித்தால் இன்னும் மோசம். தொட்டிகளிலும் பாத்திகளிலும் இருப்பவை மாதக்கணக்கில் வளர்த்த செடிகள். கண்காட்சி முடிந்த மறுவாரமும் பூத்து நிற்கும். உருவங்களைப் பார்க்க வேண்டுமென்றால் தொடக்கத்தில், அதுவும் வாரநாளில் போங்கள். தொடக்க நாளை மட்டும் விட்டுவிடலாம். நீலகிரிக்கு வழக்கமாக உள்ளூர் விடுமுறை விடுவார்கள், கூட்டம் நெரியும். பூ மட்டும் போதும், கூட்டம் வேண்டாம் என்பவர்கள் கண்காட்சி முடிந்ததும் போகலாம். வயதானவர்களோடு போகும் வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான்.

அடுத்தது ஈ-பாஸ், அதாவது நீலகிரிக்குள் வண்டி நுழைய இணையத்தில் எடுக்கும் அனுமதி. 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 சீசனில் உயர் நீதிமன்றம் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது: வாரநாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. அறையை முதலில் பதிவு செய்துவிட்டு, பாஸைக் கிளம்பும் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் இந்தக் கவலையே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய 5 மணி நேரம் எடுக்கும். அன்றே பூங்காவையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். குழந்தைகளுக்கு அன்றைய திருவிழா அந்த ரயில்தான், அதோடு விட்டுவிடுங்கள்.

ஊட்டியிலிருந்து மசினகுடி பக்கம் இறங்குகிறவர்கள் கைபேசி வரைபடம் காட்டும் குறுக்குவழியை நம்ப வேண்டாம். அந்தக் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். பிரேக் பிடிக்காமல் போன விபத்துகள் அங்கே ஏராளம்.

தண்ணீர் பாட்டில் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போவதும் வழக்கமான தவறு. நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் விழும். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும், வழியில் தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

பூங்கா 1848-இல் தொட்டபெட்டா சரிவில் அமைத்தது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், அதனால் சமதளம் என்று பார்த்தால் கீழ்ப்புல்வெளிதான், மற்றதெல்லாம் ஏற்றம். முழங்கால் வலி உள்ள அம்மாவை மேலே வரை இழுத்துப் போக வேண்டாம், கண்ணாடி மாளிகையும் தொட்டி அடுக்கிய மாடமும் பார்த்தாலே மனசு நிறையும். குளிர் என்று ஸ்வெட்டர் எடுப்பவர்கள் தொப்பியை மறந்துவிடுகிறார்கள். அந்த உயரத்து வெயில் சுடுவது தெரியாது, ராத்திரி கன்னம் எரியும்போதுதான் தெரியும். மதியத்துக்கு மேல் மழை வரும், குடை அவசியம். ஆகவே பூங்காவைக் காலையில் முடித்துவிட்டு மற்றதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சீசனில் மேட்டுப்பாளையம்–ஊட்டி போக்குவரத்தைப் பெரும்பாலும் ஒருவழியாக்கிவிடுவார்கள்: ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. திரும்பும்போது குன்னூரில் நிறுத்தி வர்க்கி வாங்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஊட்டியிலேயே வாங்கிவிடுங்கள்.