பழைய எஸ்.எம்.பி.1-ஐ ஆபீஸிலிருந்து வெளியேற்றுவது எப்படி

கிருஷ்ணகிரி, பர்கூர், ஓசூர் பக்கம் கிரானைட் ஆபீஸ், மாங்கூழ் ஆலை, சின்னப் பட்டறை என்று போய் கம்ப்யூட்டர் பார்ப்பது என் பிழைப்பு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால் நிறைய பேர் 11-க்கு மாறினார்கள். மாறிய மறுநாளே "ஸ்கேன் போகலை" என்று குரல் வரும். யாராவது வந்து, ஸ்கேனை ஃபோல்டருக்குக் கொண்டுபோகும் பழைய எஸ்.எம்.பி.1-ஐ ஆன் செய்துவிட்டுப் போவார்கள். ஸ்கேன் ஓடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். மறந்துபோன அதைக் கழற்றுவதற்குத்தான் இந்தக் குறிப்பு.

ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரை இன்னொரு கம்ப்யூட்டர் திறக்க உதவும் நெறிமுறைதான் எஸ்.எம்.பி. அதன் முதல் பதிப்பு 1980-களில் ஐ.பி.எம்.-ல் பிறந்தது. விண்டோஸ் விஸ்டாவிலேயே இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு முதல் பதிப்பைத் தவிர வேறு தெரியாது. 2017 மே 12-ல், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்த முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான். ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த மார்ச்சிலேயே வந்திருந்தும் பலர் போடவில்லை. "நான்தான் அப்டேட் போட்டுட்டேனே, அப்புறம் எதுக்கு அணைக்கணும்?" என்று கேட்பார்கள். எஸ்.எம்.பி.1-ல் என்கிரிப்ஷன் கிடையாது, போகும் தகவலை மறைக்காது. அது உயிரோடு இருந்தால், நடுவில் புகுந்த ஒருவர் புது கம்ப்யூட்டரையும் பழைய பதிப்புக்கு இறக்கிப் பேசவைக்க முடியும். 2017 கடைசியிலிருந்து புதிதாகப் போடும் விண்டோஸிலிருந்து மைக்ரோசாஃப்ட்டே இதைப் படிப்படியாக எடுத்துவிட்டது.

முதலில் நாள் பாருங்கள். மாங்கூழ் ஆலையில் மே முதல் ஜூலை வரை எதையும் தொடாதீர்கள். லாரி வரிசையில் நிற்கும்போது எடைமேடை சீட்டு வராமல் போனால் உங்கள் பாதுகாப்பு விளக்கத்தை யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலமும் வேண்டாம். வாரத்தின் நடுவில், நீங்கள் ஊரில் இருக்கும் நாளில் செய்யுங்கள்.

அணைக்கும் முன் யார் இன்னும் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். வேலையில் பாதி இதுதான். ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் கட்டளை தட்டும் ஜன்னலான பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, செட்-எஸ்எம்பிசர்வர்கான்ஃபிகரேஷன் கட்டளையில் ஆடிட்எஸ்எம்பி1ஆக்சஸ் என்பதை ட்ரூ ஆக்குங்கள். இது எதையும் தடுக்காது, குறித்து மட்டும் வைக்கும். பிறகு ஈவென்ட் வியூவரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், எஸ்எம்பிசர்வர், ஆடிட் என்று உள்ளே போனால் 3000 என்ற எண்ணோடு பதிவுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் வந்த மிஷினின் ஐ.பி. முகவரி தெரியும். ஒரு முழு மாதம் ஓடட்டும். ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான 11-ம் தேதியும் 20-ம் தேதியும் அதற்குள் வந்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை மட்டும் உயிர்பெறும் ஸ்கேனர் எல்லா ஆபீஸிலும் ஒன்று உண்டு.

இது உள்ளே வருபவரை மட்டும்தான் காட்டும். இந்தக் கம்ப்யூட்டரே வெளியே ஒரு பழைய ஸ்டோரேஜ் பெட்டிக்குப் போகிறதா என்று பார்க்க, அந்த ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கெட்-எஸ்எம்பிகனெக்ஷன் கொடுங்கள். டயலெக்ட் என்ற இடத்தில் 1.5 என்று இருந்தால் அது எஸ்.எம்.பி.1.

பெரும்பாலும் மாட்டுவது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெரிய ஜெராக்ஸ் மிஷின். முதலில் அதற்கு ஃபர்ம்வேர், அதாவது மிஷினுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளுக்கு, அப்டேட் இருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் எஸ்.எம்.பி.2 அப்படித்தான் வந்தது. இல்லையென்றால் நேராகப் பென்டிரைவில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கணக்குப் பார்க்கும் அக்கா முதல் வாரம் முனகுவார், பழகிவிடும். ஃபைல் அனுப்பும் இன்னொரு பழைய முறையான எஃப்.டி.பி.-க்கு மாற்றாதீர்கள். அதில் பாஸ்வேர்டு அப்படியே திறந்தபடி போகும்.

ஓசூர் பட்டறைகளில் கதை வேறு. கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மிஷினான சி.என்.சி.-யின் கன்ட்ரோலருக்குள் எக்ஸ்பி ஓடும். அதற்காகப் பல லட்ச ரூபாய் மிஷினைத் தூக்கிப் போட எந்த முதலாளியும் சம்மதிக்கமாட்டார், சம்மதிக்கவும் தேவையில்லை. மிஷின்களுக்குத் தனி ஸ்விட்ச் போடுங்கள். இரண்டு லேன் கார்டு உள்ள ஒரு கம்ப்யூட்டரை நடுவில் வையுங்கள். எஸ்.எம்.பி.1 அதில் மட்டும் இருக்கட்டும். ஆபீஸ் பக்க லேன் கார்டின் பிராப்பர்டீஸில் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டு கார்டையும் பிரிட்ஜ் செய்து ஒரே நெட்வொர்க் ஆக்கிவிடாதீர்கள். கணக்கு மென்பொருளான டேலி அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கவே கூடாது.

மற்ற கம்ப்யூட்டர்களில் கண்ட்ரோல் பேனலில் டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப் திறந்து, எஸ்.எம்.பி. 1.0 என்ற தலைப்பின் டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

உடனே ஒரு புகார் வரும்: "நெட்வொர்க்ல கம்ப்யூட்டர் பேரே காணோம்." பழைய பெயர்ப்பட்டியலும் எஸ்.எம்.பி.1-ஐ நம்பித்தான் இருந்தது. சர்வீசஸில் ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷனை ஆட்டோமேடிக் ஆக்கினால் பெயர்கள் திரும்பும். ஃபோல்டரை டிரைவாக மேப் செய்து கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பில் பாஸ்வேர்டு இல்லாத ஷேரும் திறக்காது. அதற்கும் எஸ்.எம்.பி.1-க்கும் சம்பந்தம் இல்லை, பதறிப்போய் அதைத் திரும்பப் போட வேண்டாம். ஸ்கேனுக்கென்று பாஸ்வேர்டோடு ஒரு யூசரை உருவாக்கி அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

அதே ஃபீச்சர்ஸ் பட்டியலில் பவர்ஷெல் 2.0 இருந்தால் அதன் டிக்கையும் எடுங்கள். புதிய பதிப்பின் கண்காணிப்பிலிருந்து தப்பத்தான் திருடர்கள் அதைத் தேடுகிறார்கள். இன்னொரு கம்ப்யூட்டரோடு பேசும் பழைய கருவியான டெல்நெட் கிளையன்டும் போகட்டும், போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க டெஸ்ட்-நெட்கனெக்ஷன் போதும். சிசிடிவி படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கேட்டு அடம்பிடித்தால், எட்ஜ் பிரவுசரில் டீஃபால்ட் பிரவுசர் அமைப்புக்குப் போய் ஐ.இ. மோடை அனுமதித்து, அந்த டி.வி.ஆர். முகவரியை மட்டும் சேருங்கள். அந்தப் பதிவு 30 நாளில் காலாவதியாகிவிடும், திரும்பச் சேர்க்க வேண்டும். வாட்ச்மேனுக்கும் அதைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மாதாமாதம் இரவில் உங்களுக்குத்தான் போன் வரும்.