பவர் பத்திரம்: கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டிய வார்த்தைகள்

பவர் பத்திரம் என்றாலே சொத்தை மாற்றி எழுதுவது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1882-ஆம் ஆண்டின் பவர் ஆஃப் அட்டர்னி சட்டம் சொல்வது இவ்வளவுதான்: எழுதிக் கொடுப்பவரின் பெயரில், அவருக்காக, இன்னொருவர் செயல்படலாம் என்று அதிகாரம் தரும் ஆவணம். கொடுப்பவர் முதல்வர், வாங்குபவர் முகவர், அதாவது நம் ஊரில் பவர் ஏஜென்ட். நிலம் முதல்வருடையதுதான். பவரை மட்டும் வைத்து வீடு வாங்கினால் உரிமை வராது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது, கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும்.

அப்புறம், 'பொது', 'தனி' என்ற தலைப்பை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தனி என்றால் குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கு, பொது என்றால் பல காரியங்களுக்கு. ஆனால் பொது பவரிலும் எழுதியிருப்பது மட்டுமே அதிகாரம், 'வாடகை வசூலிக்க, வரி கட்ட, வழக்கு நடத்த' என்று வரிசையாகப் போய் நடுவில் 'கிரயம் பேசி அட்வான்ஸ் பெற' என்று ஒரு வரி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், அதை விரல் வைத்துப் படியுங்கள். வேண்டாம் என்றால் அடித்துவிட்டுப் புதிதாக டைப் செய்யச் சொல்லுங்கள், எழுத்தர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

'ரத்து செய்ய இயலாதது' என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் 202-ஆம் பிரிவுப்படி, அந்தச் சொத்தில் முகவருக்கே சொந்த ஆதாயம் இருந்தால்தான் அந்த வார்த்தைக்குப் பலம். அட்வான்ஸ் கொடுத்துப் பவர் வாங்கிய பில்டர் அந்த வாதத்தைத்தான் வைப்பார். சும்மா உதவிக்கு வந்த மைத்துனருக்கு அது பொருந்தாது.

பலர் கோட்டை விடுவது இங்கே: அப்பாவுக்கு ஞாபகமறதி வந்தால் உதவும் என்று இப்போதே பவர் வாங்கி வைப்பார்கள். முதல்வர் இறந்தாலோ, சித்த சுவாதீனம் இழந்தாலோ, அதே ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி சாதாரண பவர் முடிந்துபோகும், எதற்காக வாங்கினோமோ அந்த நேரத்தில்தான் அது செல்லாக்காசு! தமிழ்நாட்டில் பவர் ஏஜென்ட் கிரயம் செய்யப் போனால் முதல்வரின் உயிர்வாழ் சான்று கேட்பதும் இதனால்தான்.

ரத்து செய்வதென்றால் ரத்துப் பத்திரம் பதிந்ததோடு விட்டுவிடாதீர்கள். முகவருக்கும், அவரோடு பேரம் பேசிக்கொண்டிருப்பவருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், அவர்களுக்குத் தெரியும்வரை ரத்து அவர்களைக் கட்டுப்படுத்தாது. அனுப்பிய தபால் ரசீதை அந்தப் பத்திரத்தோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள்.