எக்ஸ்பிஆர்எல் நிதியறிக்கைகளை வினவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ்பிஆர்எல் என்பது நிதியறிக்கையின் ஒவ்வொரு இலக்கத்துக்கும் கணினி படிக்கும் குறிச்சொல் இடும் முறை. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் தரவு வேலை பழகும் பிள்ளைகளின் வினவல்களைப் பார்த்தால், அதே பழைய பிழைகள்தான். விடுபட்ட காற்புள்ளியைத் தரவுத்தளமே காட்டிவிடும், அதை விடுவோம். பிழைச்செய்தியே வராமல் பொய் இலக்கம் தருபவைதான் ஆபத்து.

'எஃப்வை'யை ஆண்டு என்று நம்புவது

அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான எஸ்இசி இலவசமாகத் தரும் 'கம்பனிஃபேக்ட்ஸ்' ஜேசன் கோப்பை (ஒரு கம்பனியின் அறிக்கை இலக்கங்கள் அடங்கியது) டக்டிபி என்ற தரவுத்தளத்தில் ஏற்றுவார்கள். எஃப்வை (நிதியாண்டுப் புலம்) 2023, படிவம் 10-கே (ஆண்டறிக்கை) என்று வடிகட்டி விற்பனையைக் கூட்டுவார்கள். ஆப்பிளுக்கு 1,143.43 பில்லியன் டொலர் வரும். உண்மை 383.285 பில்லியன். கம்பனி பெரியது என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. வரைபடமும் அழகாக இருக்கும்!

எஃப்வை, எஃப்பி இரண்டும் சமர்ப்பித்த அறிக்கையின் ஆண்டையும் காலாண்டையும் சொல்பவை. இலக்கத்தின் காலத்தை அல்ல. 2023க்கான 10-கேயில் ஒப்பீட்டுக்காக 2022இன் 394.328, 2021இன் 365.817 பில்லியனும் உண்டு. மூன்றுக்கும் எஃப்வை 2023தான்.

காலத்தைச் சொல்வது 'ஸ்டார்ட்', 'எண்ட்' திகதிகள். ஐப்பசியில் விதைத்து மாசியில் வெட்டும் பெரும்போகத்தை எந்த ஆண்டில் எழுதுவது என்று தெரிந்த அம்பாறைப் பிள்ளைக்கு இது புரியாதா? ஆப்பிளின் 2023 நிதியாண்டு 2023 செப்டெம்பர் 30இல் முடிந்தது. நம் கம்பனிகள் பலவற்றுக்கு மார்ச் 31.

செய்ய வேண்டியது: எண்டில் இருந்து ஸ்டார்ட்டைக் கழித்து நாட்களை எடுங்கள். ஆண்டுக்கு 350 முதல் 380, காலாண்டுக்கு 80 முதல் 100. இதை விட்டால் 10-கியூ என்ற காலாண்டறிக்கையில் மூன்று மாதத் தொகையும் ஆறு மாதத் திரட்டும் கலக்கும். பிறகு குறிச்சொல், அலகு, ஸ்டார்ட், எண்ட் நான்கும் ஒன்றான வரிகளில் 'ஃபைல்ட்' (சமர்ப்பித்த) திகதி பிந்தியதை மட்டும் வைத்திருங்கள். அன்றைய முதலீட்டாளர் கண்ட இலக்கம் வேண்டுமென்றால் முந்தியதை.

நான்காம் காலாண்டைத் தேடி அலைய வேண்டாம். பெரும்பாலும் தனியாக இராது. ஆண்டுத் தொகையில் ஒன்பது மாதத் திரட்டைக் கழியுங்கள்.

பிரிவுகளையும் மொத்தத்தையும் சேர்த்துக் கூட்டுவது

மூல எக்ஸ்பிஆர்எல் கோப்பில் பரிமாணம் (நாடு, பொருள் போன்ற பிரிவுக் குறிப்பு) இல்லாத வரிதான் மொத்தம். நாடுவாரி, பொருள்வாரி வரிகளும் அதே குறிச்சொல்லில் வரும். பரிமாணம் வெறுமையானதை மட்டும் எடுங்கள்.

'டெசிமல்ஸ்' -6ஐக் கண்டு மில்லியனால் பெருக்குவது

அது இலக்கம் எவ்வளவு துல்லியம் என்பதைச் சொல்வது மட்டுமே (-6 என்றால் மில்லியன் வரை). தொகை ஏற்கெனவே முழுசாக இருக்கிறது.

எக்ஸ்பிஆர்எல்-ஜேசனில் ஒரு நாள் பிசகு

எக்ஸ்பிஆர்எல்லின் இந்த ஜேசன் வடிவில் 2024-01-01 நள்ளிரவு 00:00 என்றால் 2023 டிசெம்பர் 31 முடிவு. ஐந்தொகைத் திகதியில் ஒரு நாளைக் குறையுங்கள்.

தொகையை டபுளில் வைப்பது

வேண்டாம். டபுள் தோராய இலக்க வகை; தொகைக்கு இலக்கத்தை அப்படியே காக்கும் டெசிமல் வகை.