கிணற்று நீரை மலிவான உணரிகளால் கண்காணிப்பது எப்படி?

வன்னியில் கிணற்றுத் தண்ணீர் ஆவணியில் ஒரு விதம், மார்கழியில் இன்னொரு விதம். ஒருமுறை எடுத்த ஆய்வுகூட அறிக்கையை வருடம் முழுக்க நம்ப முடியாது. அதனால்தான் கிளிநொச்சிப் பக்கத்துக் கிணறுகளில் நான் உணரி வைக்கிறேன்.

ஒரு இஎஸ்பி32 பலகை (அளவுகளைப் பதியும் சின்னக் கணினி), மின்கடத்துதிறன் உணரி (கரைந்த உப்புகள் கூடினால் இதன் அளவும் கூடும்), பிஎச் உணரி (அமில, காரத் தன்மையை அளப்பது), நீர் புகாத டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரி போதும். வெப்பநிலையை விட்டுவிடாதீர்கள். ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் கடத்துதிறன் ஏறத்தாழ 2% கூடும். எல்லா அளவையும் 25 பாகைக்கு மாற்றித்தான் பதிய வேண்டும்.

அளவுதிருத்தத்துக்கு, அதாவது உணரியை அளவு தெரிந்த கரைசலில் வைத்துச் சரிசெய்ய, பிஎச் 4, 7 தாங்கல் கரைசல்களும் (பிஎச் எளிதில் மாறாதவை) கடத்துதிறனுக்கு செ.மீ.க்கு 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசலும் வாங்குங்கள். கேத்தலில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு கடத்துதிறன் முனையிலும் படியும். நீர் கலந்த வினாகிரியில் சிறிது நேரம் வைத்து, நல்ல நீரில் அலசுங்கள். பிஎச் முனையைத் தேய்க்கவும் கூடாது, காயவிடவும் கூடாது.

சரி, இயந்திரக் கற்றல்: உணரி நேரடியாக அளக்காததை, அது அளந்தவற்றிலிருந்து கணிக்கக் கணினியைப் பழக்குவது. உணரி அளந்த அதே நேரத்தில் அள்ளிய தண்ணீரின் ஆய்வுகூட முடிவுகள் வேண்டும். நீரின் வன்மையை (சுண்ணாம்பு படியவைக்கும் தன்மை) கணிக்க, பல முடிவு மரங்களின் கணிப்பைச் சேர்த்துப் பார்க்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறையில் தொடங்கலாம். சோதனைக்கென்று சில கிணறுகளை முழுதாக ஒதுக்கி வையுங்கள். ஒரே கிணற்றின் அளவுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்தால், கணினி அந்தக் கிணற்றையே மனப்பாடம் செய்துவிடும். புதுக் கிணற்றில் தவறாகக் கணிக்கும்.

புளோரைட்டை மட்டும் இந்த உணரிகளை வைத்து ஊகித்து, "குடிக்கலாம்" என்று யாருக்கும் சொல்லாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், அதை அறிய ஆய்வுகூடம்தான் வழி. கடத்துதிறன் சட்டென்று மாறிய கிணற்றின் தண்ணீரை முதலில் அனுப்புங்கள்.