கூந்தலுக்கும் கஞ்சிக் கணக்கு உண்டு: உடையும் முடிக்கு ஈரமும் புரதமும்

எங்கள் வீடு வட சென்னையில், தண்டையார்பேட்டையில். மாடி பாத்ரூம் குழாயில் வருவது போர் தண்ணி. புது பிளாஸ்டிக் மக் வாங்கி வைத்தால் இரண்டே மாதத்தில் உள்பக்கம் வெள்ளை படிந்துவிடும். நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும். அந்தத் தண்ணியில்தான் பல வருடம் தலைக்குக் குளித்தேன். முடி ஏன் இப்படித் துண்டு துண்டாகப் போகிறது என்ற புலம்பல் தனி.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: "சத்து இல்லடி, முட்டை வை." வாராவாரம் வைத்தேன். முடி விளக்குமாற்றுக் குச்சி போல விறைத்துக்கொண்டு, முன்னைவிட அதிகமாக உடைந்தது. என் முடிக்கு அப்போது புரதம் தேவைப்படவே இல்லை, ஈரம்தான் தேவைப்பட்டது என்று புரிய ரொம்ப நாளாயிற்று.

வண்ணாரப்பேட்டை பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கஞ்சியை வைத்துச் சொல்லாவிட்டால் எப்படி? காட்டன் புடவைக்குக் கஞ்சி போடாவிட்டால் துவண்டு தொங்கும். அளவாகப் போட்டால் மடிப்பு நிற்கும். கூடிப்போனால் மடித்த இடத்திலேயே கிழியும். முடிக்குப் புரதம் அந்தக் கஞ்சி மாதிரி. முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம்தான். வெளியே மீன் செதில் போல அடுக்கடுக்காக ஒரு மூடி, உள்ளே இழை இழையாகக் கெரட்டின். தண்ணீர் உள்ளே போகும்போது இழைகளுக்கு நடுவே உள்ள தற்காலிகப் பிணைப்புகள் தளரும், முடி வளையும், நீளும். காய்ந்ததும் பிணைப்புகள் திரும்பச் சேர்ந்துகொள்ளும். வலுவும் நெகிழ்வும் இரண்டும் இருந்தால்தான் சீப்பு இழுக்கும்போது முடி தாக்குப்பிடிக்கும்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

முதல் படி: கொட்டுகிறதா, உடைகிறதா?

சீப்பில் வந்த முடியைக் குப்பையில் போடாமல் ஒரு வெள்ளைத் தாளில் வையுங்கள். முழு நீளமாக இருந்து, ஒரு முனையில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது வேரிலிருந்து கொட்டிய முடி. நாளுக்கு 50 முதல் 100 வரை கொட்டுவது எல்லாருக்கும் உண்டு. குமிழ் இல்லாமல், ஒரு விரல் நீளம், அரை விரல் நீளம் என்று துண்டுகளாக இருந்தால் அது உடைந்த முடி. இந்தப் பதிவு இரண்டாவது வகைக்கு மட்டும். திடீரென்று கொத்துக் கொத்தாகக் கொட்டினாலோ, தலையில் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, எண்ணெய் மாற்றி நேரத்தை வீணாக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே தோல் பிரிவு இருக்கிறது.

இரண்டாம் படி: தண்ணியைச் சரி செய்யுங்கள்

நம் பக்கத்தில் இதைத் தாண்டிவிட்டு எது செய்தாலும் வீண். போர் தண்ணியில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் மக்கில் படிவது போலவே முடியிலும் படியும். படிந்த முடி சொரசொரப்பாக, விறைப்பாக இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு "சத்து இல்லை" என்று நாம் முட்டையைத் தூக்குகிறோம். கஞ்சி கூடிப்போன புடவைக்கு மறுபடி கஞ்சி போட்ட கதை அது. சோப்பு போட்டுத் தலை குளிப்பவர்களுக்கு இன்னும் மோசம். உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காமல் பிசுக்காக மாறி முடியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்று எங்கள் தெருவில் பலர் நினைக்கிறார்கள். காய்ச்சினால் கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் படியும், அவ்வளவுதான். உப்பு எங்கும் போகாது.

நான் செய்வது இது. தெருவில் அடிபம்பில் மெட்ரோ தண்ணி (குடிநீர் வாரியம் விடும் தண்ணி) வரும்போது இரண்டு குடம் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். ஷாம்பு போட்டு அலசுவது எல்லாம் போர் தண்ணியில். கடைசி அலசல் மட்டும் மெட்ரோ தண்ணியில், நாலைந்து சொம்பு. நீண்ட முடி என்றால் ஒரு குடம் முழுதாக வேண்டும். அப்புறம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இடிடிஏ சேர்ந்த ஷாம்பு. பாட்டிலின் பின்பக்கம் டைசோடியம் இடிடிஏ அல்லது டெட்ராசோடியம் இடிடிஏ என்று போட்டிருக்கும். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணியோடு போகும். இதற்கு விலை உயர்ந்த பாட்டில் தேவையில்லை, சாதாரண ஷாம்பு பலவற்றிலேயே இருக்கிறது. இரண்டு மூன்று முறை இப்படிக் குளித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். சிலருக்கு இங்கேயே பாதி உடைப்பு நின்றுவிடும்.

மூன்றாம் படி: இழுத்துப் பாருங்கள்

ஷாம்பு போட்டு அலசிய பிறகு, கண்டிஷனரோ எண்ணெயோ வைக்கும் முன், சீப்பில் தானாக வந்த நீள முடி நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். தலையிலிருந்து பிடுங்க வேண்டாம். ஈரமாகவே இருக்கட்டும். ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு கையிலும் விரலில் சுற்றிப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக இழுங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நீள்வது நன்றாகத் தெரியும்.

ஒன்றிரண்டு விரற்கடை நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பினால் முடி நல்ல நிலையில் இருக்கிறது. ஒன்றும் செய்ய வேண்டாம்.

நீளவே நீளாமல் டக்கென்று அறுந்தால், ஈரம் போதவில்லை. அல்லது புரதம் கூடிப்போயிருக்கிறது.

பழைய ஜட்டி எலாஸ்டிக் மாதிரி நீண்டுகொண்டே போய், விட்டால் திரும்பாமல் சுருண்டு, கடைசியில் அறுந்தால், புரதம் குறைவு. ஈரத்தில் தொட்டால் ஊறிய பருத்தி நூல் போலக் கொழகொழவென்று இருக்கும். சாயம், ப்ளீச், ஸ்மூத்தனிங் செய்த முடியில் இது அதிகம். கெரட்டின் இழைகளைக் கட்டி வைத்திருக்கும் நிரந்தரப் பிணைப்புகளையே அந்த ரசாயனங்கள் உடைக்கின்றன.

இது ஆய்வுக்கூட அளவீடு அல்ல, கைக்கணக்கு. அதனால்தான் நாலைந்து முடி எடுக்கச் சொன்னேன். தலை உச்சியில் ஒரு விதமாகவும் நுனியில் வேறு விதமாகவும் இருக்கலாம். தம்ளர் தண்ணியில் முடியைப் போட்டு மிதக்கிறதா, முழுகுகிறதா என்று பார்க்கும் சோதனையை நான் நம்புவதில்லை. கொஞ்சம் எண்ணெய் ஒட்டியிருந்தாலே மிதந்துவிடும்.

நான்காம் படி: ஈரம் குறைந்தால்

குளிக்கும் முன் தேங்காயெண்ணெய். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் முந்தின ராத்திரி. தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டாம், முடியின் பாதியிலிருந்து நுனி வரை தடவினால் போதும். தேங்காயெண்ணெய் முடிக்குள் இறங்கக்கூடியது. குளிக்கும்போது முடி அளவுக்கு மீறி ஊதிப் பெருப்பதைத் தடுக்கும், புரதம் கரைந்து போவதையும் குறைக்கும். இதை மினரல் ஆயிலோடும் சூரியகாந்தி எண்ணெயோடும் ஒப்பிட்டு இந்திய ஆய்வாளர்கள் 2003இல் ஆய்வே வெளியிட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டும் அந்த வேலையைச் செய்யவில்லை. நம் பாட்டிகளுக்கு இதில் முழு மார்க்.

ஷாம்புவுக்குப் பிறகு கண்டிஷனர். லேபிளில் கிளிசரின், கற்றாழை, பாந்தெனால், சீட்டைல் ஆல்கஹால் போன்றவை இருந்து, புரதம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சீட்டைல் ஆல்கஹால் மெழுகு போன்றது, முடியை மிருதுவாக்கும்.

வீட்டிலேயே செய்ய வேண்டும் என்றால் செம்பருத்தி இலை. ஒரு கைப்பிடி இலையைத் தண்ணியில் கசக்கினால் கொழகொழவென்று சாறு வரும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, இருபது நிமிடம் வைத்து அலசுங்கள். வடிகட்டாமல் வைத்துவிட்டு, மறுநாள் ஆபீஸில் தலையிலிருந்து பச்சைத் தூள் கொட்டிய அனுபவம் எனக்கு உண்டு. கற்றாழை என்றால் வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிடுங்கள், அரிக்கும்.

ஈரம் நல்லது என்று தலையை மணிக்கணக்கில் ஊற வைக்காதீர்கள், ஈரத்தோடு தூங்காதீர்கள். திரும்பத் திரும்ப ஊதிச் சுருங்கினால் செதில்கள் தளர்ந்து முடி அந்தப் பழைய எலாஸ்டிக் நிலையில் போய் நிற்கும்.

ஐந்தாம் படி: புரதம் குறைந்தால்

முட்டைக்கு வருகிறேன். முட்டையின் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. மேலே ஒரு பூச்சாக நிற்கும், அதனால் கொஞ்சம் கெட்டியாகத் தோன்றும். முடிக்குள் கொஞ்சமாவது இறங்குவது உடைத்துச் சிறிதாக்கிய புரதம்தான். லேபிளில் 'ஹைட்ரோலைஸ்டு' கெரட்டின், கோதுமை, பட்டுப் புரதம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஷாம்பு போட்டு அலசியதும் இதைத் தடவி, பாட்டிலில் சொன்ன நேரம் மட்டும் வைத்து அலசி, அதன் மேல் சாதாரண கண்டிஷனர். அந்தக் கண்டிஷனரைத் தவிர்த்துவிட்டு, "புரோட்டீன் போட்டும் முடி கட்டை மாதிரி இருக்கு" என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

முட்டைதான் வைப்பேன் என்றால் மாதம் ஒரு முறை, இருபது நிமிடம், பச்சைத் தண்ணியில் அலசுங்கள். என் சித்தி பெண் மார்கழிக் குளிருக்குப் பயந்து வெந்நீரை ஊற்றிவிட்டாள். தலையிலேயே முட்டைப் பொடிமாஸ். சாயங்காலம் வரை உட்கார்ந்து பேன் சீப்பால் எடுத்தோம்.

அரிசி கழுவிய தண்ணி, வடித்த கஞ்சி எல்லாம் பெரும்பாலும் மாவுச்சத்து. நிஜமாகவே முடிக்குக் கஞ்சி போடுவதுதான். துவண்ட முடிக்கு எப்போதாவது சரி, விறைத்த முடிக்கு வேண்டாம்.

காசிமேட்டு மத்தியும் நெத்திலியும் சாப்பிட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். சாப்பிடும் புரதம் வேரில் புதிதாக வளரும் முடிக்குப் போகும். ஏற்கெனவே வெளியே வந்த முடி உயிரில்லாதது, அதற்குச் சாப்பாடு போய்ச் சேராது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் வளர்கிறது, அதனால் சாப்பாட்டின் பலன் நுனிக்கு வர வருடங்கள் ஆகும். சாப்பிடுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள்.

ஆறாம் படி: ஒரு நேரத்தில் ஒன்று

எதைத் தொடங்கினாலும் நாலு வாரம் அதை மட்டும் செய்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். என் கணக்கு, வாரம் இரண்டு குளியல், எல்லாவற்றிலும் கண்டிஷனர், புரதம் ஐந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை. சாயம் போட்ட முடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வேண்டியிருக்கலாம். புரதம் வைத்த பிறகு முடி விறைத்தால் நிறுத்திவிட்டு இரண்டு மூன்று குளியலுக்கு ஈரம் மட்டும்.

சிக்கெடுப்பது கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கி மேலே. துண்டால் அடித்துத் துவட்டாமல் பழைய காட்டன் டி-ஷர்ட்டால் ஒற்றி எடுங்கள்.

நுனி வெடித்துவிட்டால் அதை எந்த எண்ணெயும் புரதமும் ஒட்டாது, வெட்டத்தான் வேண்டும். பார்லரில் "அரை இஞ்ச்" என்று வாயால் சொல்லாதீர்கள். அவர்களின் அரை இஞ்ச் எங்கே முடியும் என்பது எனக்குத் தெரியும். முடியை முன்னால் எடுத்துப் போட்டு, வெட்ட வேண்டிய இடத்தில் நீங்களே விரலால் பிடித்துக் காட்டுங்கள்.