மலைப் பெயரிலேயே வழி இருக்கிறது

ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸில் மலையேறப் போகிறீர்களா? வரைபடத்தில் உள்ள கேலிக் மொழிப் பெயர்களில் நாலைந்து சொல்லையாவது தெரிந்துகொண்டு போங்கள். 'மியால்' என்றால் உருண்டு திரண்ட குன்று, பெரும்பாலும் சாதுவானது. 'ஸ்கூர்' என்று வந்தால் கூரான பாறை உச்சி. கையையும் ஊன்றி ஏற வேண்டியிருக்கலாம். இரு உச்சிகளுக்கு நடுவே தாண்டிப் போகும் கணவாய்தான் 'பியாலாக்'. எனக்குப் பிடித்தது 'கொரி'. மலைச்சரிவில் பனியாறு குடைந்த பள்ளம் அது; சொல்லுக்கு மூலப்பொருள் கொப்பரை!

அப்புறம், அடைமொழி பெரும்பாலும் பின்னால் வரும். பென் நெவிஸ் மலைக்குப் பக்கத்தில் உள்ள 'கார்ன் மோர் ஜெராக்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'கற்குவியல், பெரிய, சிவந்த'. அங்குள்ள கிரானைட் பாறையின் நிறமும் சிவப்புதான்.

எழுத்தைப் பார்த்து உச்சரித்தால் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள்.