பேசல் கேங்கிலியாவும் சிறுமூளையும்: இணைப்புப் பாதையை ஒரே தாளில் வரைந்து கற்கும் முறை

பெருமூளையின் ஆழத்தில் அமைந்த, இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் உட்கருக்களின் (நரம்புச் செல் திரள்களின்) தொகுதியான பேசல் கேங்கிலியாவும், தலையின் பின்புறம் உள்ள சிறுமூளையும் பெருமூளைப் புறணியில் (அதன் வெளியடுக்கில்) மட்டுமே சந்திக்கின்றன என்றுதான் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. இவ்விரண்டையும் தனித்தனிப் படங்களாகப் படிக்கும் மாணவருக்கு அந்தத் தவறான எண்ணம் இன்றும் எளிதில் பதிந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பழகுவதே அதைப் போக்கும் சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து.

தாளின் நடுவே ஒரு செங்குத்துக் கோடு இட்டு, வலப்பக்கம் மேலிருந்து கீழாக ஸ்ட்ரயேட்டம் (பேசல் கேங்கிலியாவின் நுழைவாயில்), தலாமஸ் (புறணிக்குச் செய்தி கடத்தும் நிலையம்), சப்தலாமிக் உட்கரு (தலாமஸுக்குக் கீழே அமைந்த பேசல் கேங்கிலியா உட்கரு), பான்ஸ் உட்கருக்கள் (மூளைத்தண்டில் உள்ளவை) ஆகியவற்றையும், இடப்பக்கம் கீழே சிறுமூளையையும் அதனுள், அதன் செய்திகளை வெளியே அனுப்பும் டென்டேட் உட்கருவையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளர்வூட்டும் இணைப்புகளுக்குச் சிவப்பும், தடுக்கும் இணைப்புகளுக்கு நீலமும் பயன்படுத்துங்கள்.

முதலில் கீழிறங்கும் பாதையை வரையுங்கள். சப்தலாமிக் உட்கருவிலிருந்து அதே பக்கத்துப் பான்ஸ் உட்கருக்களுக்கு ஒரு சிவப்புக் கோடு செல்லும். அங்கிருந்து புறப்படும் இழைகள் நடுக்கோட்டைத் தாண்டி, நடுச் சிறுமூளைக் காம்பின் (சிறுமூளையை மூளைத்தண்டோடு இணைக்கும் இழைக்கற்றைகளுள் ஒன்றின்) வழியே எதிர்ப்பக்கச் சிறுமூளைப் புறணியை அடைந்து, துகள் செல்கள் என்னும் சிறு நரம்புச் செல்களைத் தூண்டுகின்றன. அவற்றின் இணை இழைகள், சிறுமூளைப் புறணியிலிருந்து செய்தியை வெளியே கொண்டுசெல்லும் பர்கின்ஜி செல்களைத் தொடுகின்றன. பர்கின்ஜி செல்லிலிருந்து டென்டேட் உட்கருவுக்குச் செல்லும் கோடு மட்டும் நீலம், ஏனெனில் அச்செல் காபா என்னும் தடுப்பு வேதிப்பொருளையே வெளியிடுகிறது. சப்தலாமிக் உட்கருவுக்கும் சிறுமூளைப் புறணிக்கும் இடையிலான இந்த இணைப்பைப் போஸ்டன், டம், ஸ்ட்ரிக் ஆகியோர் 2010இல் குரங்குகளில் காட்டினர். நரம்புச் சந்திப்புகளைத் தாண்டிப் பின்னோக்கிப் பரவும் வெறிநாய்க்கடி வைரஸின் இயல்பே அவர்களுக்குக் கருவியாயிற்று: வைரஸைச் சிறுமூளைப் புறணியில் செலுத்தி, அது சப்தலாமிக் உட்கருவின் செல்களில் தோன்றுவதைக் கண்டனர்.

அடுத்து மேலேறும் பாதை. டென்டேட் உட்கருவின் இழைகள் மேல் சிறுமூளைக் காம்பு வழியே ஏறி, நடுமூளையில் மறுபக்கம் கடந்து, வலத் தலாமஸை அடைகின்றன. இங்கேயே பேனாவை எடுத்துவிடாதீர்கள். தலாமஸிலிருந்து பெருமூளைப் புறணிக்குச் செல்லும் கோட்டோடு, ஸ்ட்ரயேட்டத்துக்கும் ஒரு சிவப்புக் கோடு இட வேண்டும்; இதே வைரஸ் முறையால் 2005இல் ஹோஷியும் ஸ்ட்ரிக்கும் அவர்களுடைய குழுவினரும் நிறுவிய இணைப்பு இது. இரு பாதைகளும் ஒவ்வொரு முறை நடுக்கோட்டைக் கடப்பதால், வலப் பேசல் கேங்கிலியாவும் இடச் சிறுமூளையும் ஒரே சுற்றில் அமைவதை இப்போது காண்பீர்கள்.

மூன்றாவதாக, மேல் காம்பு வழியே கடந்துவரும் டென்டேட் இழைகள் தொடும் நடுமூளையின் சிவப்பு உட்கருவிலிருந்து, முகுளத்தில் அதே பக்கத்துக் கீழ் ஆலிவ் உட்கருவுக்கு இறங்கும் பாதையைச் சேருங்கள். ஆலிவிலிருந்து எழும் ஏறும் இழைகள் நடுக்கோட்டைக் கடந்து, கீழ்க் காம்பு வழியே சிறுமூளையில் நுழைகின்றன. முதிர்ந்த மூளையில் ஒவ்வொரு பர்கின்ஜி செல்லையும் பொதுவாக ஒரேயொரு ஏறும் இழைதான் தழுவிச் சுற்றுகிறது. டென்டேட் உட்கரு, சிவப்பு உட்கரு, ஆலிவ் ஆகிய மூன்றும் சேர்ந்ததே கில்லன்–மொல்லரே முக்கோணம்.

வரைந்ததைச் சரிபார்க்க இரண்டு கேள்விகளை எழுப்புங்கள். இடச் சிறுமூளை சிதைந்தால் இடக்கை தடுமாறுவது ஏன்? சிறுமூளையின் வெளியேறும் பாதை வலப்பக்கம் கடக்கிறது. வலப் பெருமூளைப் புறணியிலிருந்து இறங்கும் இயக்கப் பாதை முகுளத்தில் மீண்டும் இடப்பக்கம் கடக்கிறது. உங்கள் படத்தில் இவ்விரு கடப்புகளும் தெரியவில்லையெனில் அதைத் திருத்துங்கள். அடுத்தது, சிவப்பு உட்கருவிலிருந்து ஆலிவுக்கு இறங்கும் பாதை பக்கவாதத்தால் அறுபட்டால் எந்தப் பக்கத்து ஆலிவ் பாதிக்கப்படும்? அதே பக்கம்தான், அந்த ஆலிவ் சுருங்குவதற்கு மாறாக வாரங்கள், மாதங்கள் கழித்து வீங்குகிறது, சிலருக்கு மென் அண்ணம் தாளகதியில் துடிக்கவும் தொடங்குகிறது. சேதம் டென்டேட் உட்கருவிலேயே நேர்ந்திருந்தால் வீங்குவது எதிர்ப்பக்க ஆலிவ். அதற்கான காரணத்தை உங்கள் தாளில் மேல் காம்பு நடுக்கோட்டைக் கடக்கும் இடத்திலேயே காணலாம்.